வெயிலைக் குற்றம் சொல்வதற்கு முன்

கோடையில் திருச்சி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. அந்த நாட்களில் மடிக்கணினி கொதித்துத் தானாக அணைந்தால், பழியை வெயில் மேல் போட்டுவிடுகிறோம். கணக்கு வேறு சொல்கிறது. இன்றைய பிராசசர்கள் பலவும் சுமார் 100 டிகிரி வரை தாங்கும். அறை வெப்பம் 30-லிருந்து 40-க்கு ஏறினால், உள்ளேயும் ஏறத்தாழ அந்தப் பத்து டிகிரிதான் கூடும். மிச்சச் சூட்டுக்குப் பெரும்பாலும் காரணம் காற்றோட்டம் அடைபடுவதே. பழைய கருவியின் அடிமூடியைக் கழற்றினால், விசிறிக்கும் செம்புக் குழாயை ஒட்டிய தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். பிராசசர் மேல் தடவிய, வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். மெத்தையில் வைத்து இயக்கினால் அடித் துளைகளும் அடைபடும்.

ஆகவே முதல் தேவை பராமரிப்பு. ஸ்ரீரங்கத்தில் வென்று முதல்வரான ஜெயலலிதா 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான மாணவர்களை எட்டியது. கருவியைக் கையில் கொடுப்பதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடாது. சுத்தம் செய்யக் கருவியைத் திறந்தால் வாரண்டி போய்விடுமே என்பார்கள். வாரண்டி உள்ளவரை சர்வீஸ் சென்டர் சுத்தம் செய்யட்டும். அதன் பிறகு என்ன தடை? பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2022 ஜூலையில் குழு அமைத்தது. தெரியாதவர் கைவைத்தால் கெட்டுவிடும் என்பது நியாயமான அச்சம். பேட்டரி உப்பியிருந்தால் ஆபத்தும் உண்டு. அதனால்தான் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ. போன்ற நிலையங்களில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் மடிக்கணினி சுத்தம் செய்யும் முகாம் நடத்தினால், மாணவருக்குத் தொழில் பழகும், மக்களுக்குப் புதுக் கருவி வாங்கும் செலவு மிச்சமாகும்.