பெட்ரோலும் மின்சாரமும்

2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 4ந் தேதி தூத்துக்குடி சிப்காட் பேட்டையில் மின்சார மோட்டார் வண்டித் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. வியத்நாம் தேசத்து வின்பாஸ்ட் கம்பெனி 400 ஏக்கர் நிலத்தில் நிறுவிய அத்தொழிற்சாலை, ஆரம்பத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டிகள் செய்யத் தக்கது. 1,50,000 வரையில் உயர்த்தலாம் என்பது திட்டம். அது முதற்கொண்டு இக்கடற்கரை ஜனங்களிடையே மோட்டார் வண்டியைப் பற்றிய பேச்சு புது உருவம் எடுத்திருக்கிறது. முன்பெல்லாம் எந்தக் கம்பெனியின் வண்டி என்று கேட்டவர்கள், இப்போது எதனால் ஓடும் வண்டி என்று கேட்கிறார்கள். பெட்ரோல் வண்டியே போதுமா, முழு மின்சார வண்டி வாங்குவதா, அன்றி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிக்குக் காத்திருப்பதா என்பதே கேள்வி. உடன்குடிக் கடைவீதியிலுங்கூட இவ்விவாதத்தை நாம் செவியுற்றோம். இவற்றுள் மூன்றாவது வகையைப் பற்றித் தப்பெண்ணங்கள் மிகுந்திருப்பதால், அதைக் குறித்து நமது அபிப்பிராயத்தை இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில் விஷயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரே வண்டியில் எஞ்சினையும் மின் மோட்டாரையும் இணைக்கும் யோசனை புதிதன்று. 1900ஆம் வருஷத்திலேயே பெர்டினாண்டு போர்ஷே என்பவர் இவ்வகை வண்டி ஒன்றைச் செய்தார். டொயோட்டா கம்பெனி 1997இல் ஜப்பானில் பிரியஸ் வண்டியை விற்கத் தொடங்கிய பின்னரே ஹைப்ரிட் என்ற பெயர் உலகெங்கும் பரவியது. நம் தேசத்தில் இன்று அதிகமாக விற்கும் ஹைப்ரிட் வண்டிகள் இந்த ஜாதியைச் சேர்ந்தவை. இவற்றிற்குப் பிளக் இல்லை. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பேட்டரியில் பிடித்துவைத்துப் பெட்ரோலை மிச்சப்படுத்தும். ஆனால் இவற்றின் சக்தி முழுவதும் மூலத்தில் பெட்ரோலே. பிளக்-இன் ஹைப்ரிட் வேறு. அதன் பேட்டரி பெரிது; வீட்டுச் சுவரிலுள்ள மின் இணைப்பில் செருகிச் சார்ஜ் செய்யலாம். ஒரு முறை சார்ஜ் செய்தால் ஐம்பது அறுபது கிலோமீட்டர் வரை பெட்ரோலைத் தொடாமலே ஓடும். பின்னர் எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். 2008ஆம் வருஷம் சீனத்தின் பி.ஒய்.டி. கம்பெனியும், 2010இல் அமெரிக்காவின் செவர்லே கம்பெனியும் இவ்வகை வண்டிகளைச் சந்தைக்குக் கொண்டு வந்தன. இந்தியாவில் இதுவரை விற்றவை பெரும்பாலும் வோல்வோ, பி.எம்.டபிள்யூ. போன்ற கம்பெனிகளின் மிக உயர்ந்த விலை வண்டிகளே.

இவ்வண்டியின் பக்கத்து நியாயத்தை நாம் குறைத்துச் சொல்லப் போவதில்லை. எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடும் எடுத்துச் சொன்ன பிறகே பதில் கூறவேண்டும் என்பது நீதிஸ்தலத்தில் நாம் கற்ற பாடம். உடன்குடியில் வீடும் சென்னையில் தொழிலும் உடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊரில் இருக்கும் நாட்களில் அவர் திருச்செந்தூர் போவார், குலசேகரன்பட்டினம் போவார், மணப்பாடு போவார். என்றைக்காவது தூத்துக்குடி போய் வருவார். இவற்றுள் பெரும்பாலான பிரயாணங்களுக்குப் பேட்டரியே போதும். ஆனால் குலசை தசரா வந்துவிட்டால் சென்னையிலிருந்து குடும்பத்தோடு 600 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி வர வேண்டும். வழியில் சார்ஜ் செய்யும் இடம் பழுதாகிக் கிடந்தால், அல்லது அங்கே நான்கு வண்டிகள் முன்னால் நின்றால், பின் ஆசனத்தில் தூங்கும் குழந்தைகளோடு நடுநிசியில் அவர் என்ன செய்வார்? அவர் பயம் வீண்பயம் அன்று. 2023 டிசம்பர் மாதத்து வெள்ளத்தை இப்பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செண்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாட்களில், பல ஊர்களில் மின்சாரம் திரும்பி வரப் பல நாட்கள் ஆயின. அப்படிப்பட்ட சமயத்தில் டாங்கியில் பெட்ரோல் உள்ள வண்டிக்காரர் தைரியமாக இருப்பார் என்பதை மறுப்பதற்கில்லை.

செலவுக் கணக்கும் அவருக்கு அநுகூலமானதே. அறுபது கிலோமீட்டர் ஓட ஒரு பெட்ரோல் வண்டி நான்கு லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், லிட்டர் நூறு ரூபாய் விலையில் நானூறு ரூபாய் ஆகும். அதே தூரத்திற்குச் சுமார் பன்னிரண்டு யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலும் நூற்றிருபது ரூபாயோடு முடிந்தது. நாள்தோறும் பேட்டரியில் ஓட்டி, வருஷத்தில் நாலைந்து நெடும் பிரயாணங்களுக்கு மட்டும் பெட்ரோலை நாடும் ஒருவர், தமக்கும் நன்மை செய்துகொள்கிறார். தேசத்துக்கும் நன்மை செய்கிறார்.

ஆனால் மனிதர் அப்படி நடந்துகொள்கிறார்களா? இங்கேதான் வழக்குத் திரும்புகிறது. ஐரோப்பிய கமிஷன் 2024ஆம் வருஷம் மார்ச்சு மாதம் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. 2021இல் பதிவான வண்டிகள் சாலையில் உண்மையில் குடித்த எரிபொருளை, வண்டிக்குள்ளேயே இருக்கும் அளவீட்டுக் கருவிகளின் வாயிலாகத் திரட்டிப் பார்த்தார்கள். சாதாரணப் பெட்ரோல், டீசல் வண்டிகள் சோதனைச் சாலைக் கணக்கைவிட நூற்றுக்கு இருபது பங்கு அளவில் அதிகம் புகை கக்கின. பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகளோ, சொன்ன கணக்கைப்போல் மூன்றரை மடங்கு கக்கின! காரணம் யந்திரத்தின் கோளாறு அன்று. சொந்தக்காரர்கள் நாள்தோறும் பிளக்கைச் செருகுவார்கள் என்று சட்டம் நம்பியது. அவர்கள் அவ்வளவாகச் செருகவில்லை. பெட்ரோல் செலவைத் தொழில் நிறுவனமே ஏற்றுக்கொள்ளும் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். பெட்ரோல் இனாமாகவும் மின்சாரம் சொந்தச் செலவாகவும் இருந்தால், மனிதன் எதைத் தேடுவான் என்று சொல்லத் தேவையில்லை. சலுகையை அநுபவித்துக்கொண்டு, நூறு கிலோவுக்கு மேற்பட்ட பேட்டரியை வெறும் பாரமாகச் சுமந்துகொண்டு, அவ்வண்டிகள் பெட்ரோலிலேயே ஓடின.

உடன்குடி வாசிகளுக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர்க் கருப்பட்டியின் பெயரைக் கெடுப்பது எது? பதநீரோடு சீனியைக் கலந்து காய்ச்சிக் கருப்பட்டி என்று விற்பதுதான். நிறம் கருப்பட்டியின் நிறம். வடிவம் சிரட்டையின் வடிவம். விலையும் கருப்பட்டி விலை. நாவில் வைத்தவன் அறிவான். பிளக்கைச் செருகாமல் ஓட்டும் பிளக்-இன் ஹைப்ரிட் வண்டியும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. பெயர் மின்சாரம், சரக்கு பெட்ரோல்.

இது தனிமனிதரின் சோம்பலைப் பற்றிய சிறு விஷயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. கடல் கடந்து எங்கேனும் ஒரு யுத்தம் மூண்டால் சாத்தான்குளத்துக் காய்கறி விலை ஏறுகிறது. 1906ஆம் வருஷம் இதே தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, கப்பல்களை அந்நிய நாட்டில்தான் வாங்க வேண்டியிருந்தது. கப்பல் எங்கே செய்யப்பட்டது என்பதைவிட, நமது கடல் வழி யார் கையில் இருக்கிறது என்பதே அவருக்குப் பிரதானமாயிருந்தது. இன்றும் வண்டி செய்யும் கம்பெனி எத்தேசத்தது என்பதைவிட, அதை ஓட்டும் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதே பெரிய கேள்வி என்று நாம் கருதுகிறோம்.

“மின்சாரம் மட்டும் எங்கிருந்து வருகிறது? கல்லாமொழியில் எழுந்துள்ள அனல் நிலையத்தைப் பார்க்கவில்லையா?” என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 660 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகள் கொண்ட அந்த உடன்குடி அனல் மின் திட்டமும், அதற்காகக் கடலுக்குள் நீளும் நிலக்கரி இறங்குதுறையும் நம் கண்ணெதிரே நிற்கின்றன. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியினுடையதே. ஆயினும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் தான் குடிக்கும் எண்ணெயின் சக்தியில் பெரும்பகுதியை உஷ்ணமாக வீணாக்குகிறது. மின் மோட்டாரோ தனக்குக் கிடைத்ததில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. இது ஒன்று. மற்றொன்று, பெட்ரோல் என்றைக்கும் பெட்ரோலே. மின்சாரமோ நாளுக்கு நாள் மாறுகிறது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் சுழலும் காற்றாலைகளின் மின்சாரமும், உப்பளத்தை விளைவிக்கும் அதே வெயிலில் விளையும் சூரிய மின்சாரமும், அதே கம்பியில்தான் வருகின்றன. இன்று வாங்கிய வண்டி, கம்பியில் வரும் மின்சாரம் சுத்தமாக ஆக, தானும் சுத்தமாகும். அதற்கு ஒரே நிபந்தனை, பிளக்கைச் செருக வேண்டும். கூடுமானால் சூரியன் மேலிருக்கும் பகல் வேளையிலேயே செருக வேண்டும்.

வரி விஷயத்துக்கு வருவோம். முழு மின்சார வண்டிகளுக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 5. பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகளுக்கோ, 2025 செப்டம்பர் 22ந் தேதி அமலுக்கு வந்த விகிதப்படி, சிறியவற்றுக்கு 18, பெரியவற்றுக்கு 40. இந்த வித்தியாசம் அதிகம், ஹைப்ரிடுக்கும் சலுகை வேண்டும் என்று மோட்டார்த் தொழிலில் சிலர் கேட்டு வருகிறார்கள். அதை ஒரேயடியாக மறுப்பதும் சரியன்று. கேட்டவுடன் கொடுப்பதும் சரியன்று. ஐரோப்பா பெயரைப் பார்த்துச் சலுகை கொடுத்து ஏமாந்தது. பின்னர் 2025 முதல் தன் கணக்கு முறையைத் திருத்திக் கொள்ள வேண்டியதாயிற்று. நாம் அந்தத் தவற்றை விலைகொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. பேட்டரியில் எத்தனை கிலோமீட்டர், பெட்ரோலில் எத்தனை கிலோமீட்டர் என்று குறித்துவைக்கும் கருவியை இவ்வகை வண்டிகளில் வைக்க முடியும் என்பது ஐரோப்பாவிலேயே நிரூபணமாகிவிட்டது. வருஷந்தோறும் அக்கணக்கைக் காட்டி, பாதிக்கு மேல் மின்சாரத்தில் ஓட்டியவருக்குச் சாலைவரியில் கழிவு கொடுக்கட்டும். ஓட்டாதவர் பெட்ரோல் வண்டிக்குரிய வரியைக் கட்டட்டும். சாட்சியம் இல்லாமல் தீர்ப்பு இல்லை என்பது வழக்கு மன்றத்துக்கு மட்டும் உரிய விதி அன்று.

ஆனால் பிளக்கைச் செருகு என்று ஜனங்களுக்கு உபதேசம் செய்யும் சர்க்கார், செருகுவதற்கு இடம் கொடுக்க வேண்டாமா? 2024இல் அறிவித்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில், பொது இடங்களில் சார்ஜிங் நிலையங்கள் அமைக்க 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பணம் சென்னை, கோயமுத்தூர்க் கடைத்தொகுதிகளோடு நின்றுவிடக் கூடாது. தசராவுக்கு லட்சக்கணக்கானோர் கூடும் குலசேகரன்பட்டினத்திலும், திருச்செந்தூர்க் கோயில் வாகன நிறுத்துமிடத்திலும், உடன்குடி பஸ் நிலையத்தருகிலும், தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை கடற்கரைச் சாலை நெடுகிலும் நிலையங்கள் வேண்டும். வைத்தால் மட்டும் போதாது. இது உப்புக்காற்று வீசும் கரை. இரும்பும் செம்பும் சீக்கிரம் அரிக்கும். திறப்பு விழாவுக்கு மாலை போட்டுவிட்டு மறுவருஷம் திரும்பிப் பாராத நிலையம், இல்லாத நிலையத்தைவிடக் கெடுதல். அதை நம்பி வந்தவன் அல்லவா நடுவழியில் நிற்கிறான்? பழுதைச் சரி செய்யும் பொறுப்பு யாருடையது, எத்தனை மணி நேரத்துக்குள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். தவறினால் அபராதமும் இருக்க வேண்டும்.

இப்பக்கத்தில் மோட்டார் வண்டி வைத்திருப்போர் சிலரே. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் இரு சக்கர வண்டியிலும் போகிறவர்களே பலர். மீன்கூடை சுமப்பவளுக்கும் பனை ஏறுபவனுக்கும் பிளக்-இன் ஹைப்ரிடால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். அவர்கள் ஏறும் ஆட்டோவும் பஸ்ஸும் நாளை மின்சாரத்தில் ஓட வேண்டுமானால், இன்று அமைக்கும் மின் வசதிதான் அதற்கு அஸ்திவாரம். அன்றியும், பணக்காரரின் வண்டிக்குச் சலுகையாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பொதுப் பணம். அது உண்மையான மின்சார ஓட்டத்துக்குக் கிடைத்ததா, வெறும் பெயருக்குக் கிடைத்ததா என்று கேட்கும் உரிமை வரி கொடுக்கும் அனைவருக்கும் உண்டு.

ஆகவே, வாங்க உத்தேசிப்போருக்கு நாம் சொல்வது இதுதான். வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ தினமும் சார்ஜ் செய்ய வசதி இருந்து, நெடுந்தூரப் பிரயாணம் அபூர்வமாக இருந்தால், முழு மின்சார வண்டியைப் பற்றியே முதலில் யோசியுங்கள். நெடுந்தூரம் அடிக்கடி போக வேண்டியவராயின் பிளக்-இன் ஹைப்ரிட் உங்களுக்கு உதவும். ஆனால் வீடு திரும்பியதும் செருகும் பழக்கம் உங்களிடம் இருக்க வேண்டும். அப்பழக்கம் வராது என்று உங்களுக்கே தெரிந்தால், பிளக்குக்காக அதிக விலை கொடுக்காதீர்கள். தேசத்தின் சலுகையையும் கேட்காதீர்கள்.

சர்க்கார் இடத்தைக் கொடுக்கட்டும், ஜனங்கள் செருகட்டும். இரண்டும் நடந்தால்தான் அது மின்சார வண்டி. இல்லையேல் சீனி கலந்த கருப்பட்டிதான்.