ஆறு நிமிடம்

"புக்கிட் தீமா விரைவுச்சாலையில் நெரிசல். பயணத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்." காலை நிகழ்ச்சியில் இதை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தச் சாலைக்கும் ஒரு கதை உண்டு என்று யோசித்ததே இல்லை.

1980களில் அந்தச் சாலை வந்தபோது ஒரே காடு இரண்டானது. ஒருபுறம் புக்கிட் தீமா, மறுபுறம் மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதி. அந்தப் பக்கம் போக முயன்ற எறும்புத்தின்னிகள் வாகனங்களில் அடிபட்டன. சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில், மரம் செடிகளோடு விலங்குகளுக்கென ஒரு பாலம் வந்தது 2013ல்தான். கால் நூற்றாண்டுத் தாமதம்!

அதே ஆண்டு குறுக்குத் தீவு ரயில் பாதை அறிவிக்கப்பட்டது. இந்த முறை கேள்வி முன்கூட்டியே எழுந்தது: பாதை வனத்துக்கு அடியில் போவதா, வனத்தைச் சுற்றிப் போவதா? சுற்றிப் போகலாம் என்றனர் இயற்கை ஆர்வலர்கள். அப்படிப் போனால் எங்கள் வீடுகள் என்னாவது என்று கவலைப்பட்டனர் அந்த வட்டாரக் குடியிருப்பாளர்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது.

2019 டிசம்பரில் முடிவு வந்தது. பாதை நேராகவே செல்லும். பயணத்தில் ஆறு நிமிடம் மிச்சம், செலவில் சுமார் 2 பில்லியன் வெள்ளி மிச்சம். வனத்துக்குக் கீழே ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம்; வனத்துக்குள் தரைமேல் கட்டுமானம் கிடையாது. மண்ணை ஆராய வனத்தில் போடத் திட்டமிட்டிருந்த 72 துளைகளும் முன்பே 16 ஆகக் குறைக்கப்பட்டிருந்தன. ஆர்வலர்கள் கேட்ட பாதை கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் பேசியதும் வீண்போகவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன். எங்கள் புளோக்குக்கு எதிரே எம்ஆர்டி நிலையம் கட்டிய காலத்தில் தூசியையும் சத்தத்தையும் சகித்தவர் அவர். பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றியபோதெல்லாம் முழங்கால் வலியோடு சுற்றி நடந்தார். இன்று அதே ரயிலில் மருத்துவமனைக்குத் துணையில்லாமல் போய் வருகிறார்.

"நமக்குத் தூசியும் வந்துச்சு, ரயிலும் வந்துச்சு. காட்டுல இருக்கறதுக்குத் தூசி மட்டும்தானேடா?" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அந்த ஆறு நிமிடம் வேண்டும்தான். அதற்காக, கேட்காமலேயே இருந்துவிடலாமா?

பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைகள் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்படுவதுண்டு. அடுத்த முறை உங்கள் வட்டாரத்தைப் பற்றி அப்படியொன்று வந்தால், பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பக்கமாவது படியுங்கள். மனத்தில் பட்டதை எழுதி அனுப்புங்கள். சாலை திறந்தபிறகு என்னால் நெரிசலை மட்டும்தான் வாசிக்க முடியும்.