ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்

ஜோகூர் பாருவில் வேலை செய்யும் உங்கள் மகன் பழைய புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. காரை வாங்கிவிட்டு, "இன்று ராத்திரியே புறப்படுகிறேன் அம்மா" என்கிறானா? சுங்கை பட்டாணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

முதலில் டைமிங் பெல்ட். என்ஜினுக்குள் ஓடும் ரப்பர் பட்டை அது. அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். என்ஜினையே பிரிக்க வேண்டிவரும். எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லையா? மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பம்போடு சேர்த்து மாற்றட்டும். பாட்டுப் பெட்டிக்கு அள்ளிக் கொடுப்பான், பட்டைக்குக் கணக்குப் பார்ப்பான். நம் பிள்ளைகளை நமக்குத் தெரியாதா?

டயர் தேயவில்லை என்பான். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2312 என்றால் 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தேயாவிட்டாலும் கிழட்டு ரப்பர் வேகத்தில் வெடிக்கும். ஸ்பேர் டயரையும் பார்க்கட்டும்.

பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு அப்பால் நீண்ட இறக்கம். அங்கே பிரேக்கை விடாமல் மிதித்தால் அந்த எண்ணெய் கொதித்து, பிரேக் பிடிக்காமல் போகும். புது எண்ணெய் ஊற்றட்டும்.

காப்புறுதி அவன் பெயரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பட்டறையிலிருந்து எடுத்ததும் ஊருக்குள்ளேயே 30 கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, அடியில் ஏதாவது சொட்டுகிறதா என்று பார்க்கட்டும். சொட்டவில்லையென்றால் மறுநாள் விடியற்காலையில் கிளம்பலாம். தாப்பா ஓய்விடத்தில் இறங்கி வீட்டுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.