பெயர்ப் பலகை மட்டும் போதுமா?

மேட்டூரில் தங்கும் நாட்களில் மாலை வேளையில் அணைப் பூங்காப் பக்கம் உலாவப் போவது என் வழக்கம். அணைக்கட்டு முனியப்பன் கோயிலுக்குப் போகும் வழியில் மீன் வறுத்து விற்கும் அம்மாள் ஒருத்தி உண்டு. சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் அவள் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்கய்யா, நீங்க கதையெல்லாம் எழுதறவங்களாமே, உங்களுக்குத் தெரியாம இருக்காது. எம் பொண்ணு காலேசுல ரெண்டாம் வருசம் படிக்குதுங்க. படிப்புக்குப் பணம் அதிகமில்லீங்க. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா பரீச்சைக்குன்னு பணம் கட்டச் சொல்றாங்களே, அது எங்கீங்க போவுது?"

"பரீட்சை நடத்துகிற பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, அம்மா" என்றேன்.

"ஏன், அவங்களுக்குச் சர்க்காரு பணம் குடுக்காதுங்களா?"

நான் பதில் சொல்லாமல் இரண்டு துண்டு மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பதில் தெரியாமல் அல்ல; தெரிந்த பதிலைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவளிடம் சொல்லாததை வாசகர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஜில்லாவுக்குத் தனிச் சர்வகலாசாலை வந்தது 1997 செப்டம்பர் 17ஆம் தேதி. அதற்கு முன்பு சேலத்தில் இருந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை விரிவாக்க மையம். பாடத்திட்டம் சென்னையில், பரீட்சை விதி சென்னையில், பட்டச் சான்றிதழும் சென்னையில். என் அண்ணன் மகன் ஒருவன் ஒரு கையெழுத்துக்காக மேட்டூரிலிருந்து பஸ் பிடித்துச் சேலம் போய், இரவு ரயிலில் சென்னை போய், மறுநாள் இரவு ரயிலில் திரும்பினான். யாரும் அவனை அலைக்கழிக்கவில்லை. அரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. ஆனால் அந்த அரை மணிக்கு இரண்டு இரவுகள்! இப்படி எத்தனை பிள்ளைகள்! அந்த மையத்தைச் சட்டம் செய்து பெரியார் பல்கலைக்கழகமாக ஆக்கியபோது எங்கள் பக்கத்து ஜனங்கள் மகிழ்ந்ததில் நியாயம் இருந்தது.

இது புதிய வழியும் அல்ல. மதுரையில் இருந்த சென்னையின் கிளை 1966இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தராக வந்து அமர்ந்தார். 1982இல் கோவையிலும் திருச்சியிலும் இருந்த மையங்கள் பாரதியார், பாரதிதாசன் பெயர்களைத் தாங்கித் தனித்து நின்றன. மதுரையின் திருநெல்வேலிக் கிளை 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமாயிற்று. வேலூர் மையம் 2002இல் திருவள்ளுவர் பெயரைப் பெற்றது.

இந்த ஏற்பாட்டைக் கண்டு முகம் சுளிக்கும் கனவான்கள் சிலர் உண்டு. "ஊருக்கு ஊர் சர்வகலாசாலையா? தரம் என்னாவது?" என்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அதுவும் லண்டன் மாதிரியைப் பார்த்து ஏற்படுத்திய ஒரு பரீட்சைக் காரியாலயம்தான். கல்லூரிகளைச் சேர்த்துக்கொள்வதும், பரீட்சை நடத்துவதும், பட்டம் கொடுப்பதுமே அதன் வேலை. தானே வகுப்பு வைத்துப் போதிப்பது பிற்பாடு வந்த பழக்கம். பெரிய பட்டணத்துச் சர்வகலாசாலை வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் கொடுத்தோம். சேலத்துக்கு மட்டும் பிறந்த அன்றே தரம் வேண்டும் என்றால் எப்படி? அப்படியும் பெரியார் பல்கலைக்கழகம் 2021இல் தேசியத் தர மதிப்பீட்டில் ஏ பிளஸ் பிளஸ் வாங்கிக் காட்டிவிட்டது. ஆகவே தரத்தைப் பற்றிய பேச்சு போதும்.

எனக்குள்ள ஆத்திரம் வேறு. கிளையைத் தனியாக்கச் சட்டம் செய்கிறவர்கள் பெயர் கொடுக்கிறார்கள், எல்லை கொடுக்கிறார்கள், துணைவேந்தர், ஆட்சிக்குழு, முத்திரை எல்லாம் கொடுக்கிறார்கள். நிரந்தரமாகச் சாப்பாட்டுக்கு வழி கொடுப்பதில்லை. மானியம் உண்டுதான். ஆனால் அது ஆண்டுக்கு ஆண்டு நிதி இலாகாவின் தயவைப் பொறுத்தது. மிச்சத்துக்கு அந்தப் பல்கலைக்கழகம் எங்கே போகும்? தன்னைச் சேர்ந்த கல்லூரிகளிடம் போகும். அவற்றிடம் இணைப்புக் கட்டணம். மாணவர்களிடம் பரீட்சைக் கட்டணம், மறுமதிப்பீட்டுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம். அஞ்சல் வழிக் கல்வியில் வரும் பணம். இவற்றில்தான் விளக்கு எரிகிறது.

இதன் பொருளை வாசகர்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். பல்கலைக்கழக வளாகத்துக்குள் உட்கார்ந்து படிக்கிறவர்கள் சிலரே. சுற்றுப்புறத்துக் கல்லூரிகளில் படிக்கிறவர்கள் பெருங்கூட்டம். தறிக்காரர் பிள்ளை, லாரி டிரைவர் பிள்ளை, மீன் வறுப்பவள் பெண் எல்லாரும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாளும் கால் வைக்காத ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவர்களுடைய பரீட்சைப் பணமும் போகிறது. ஏழையின் சில்லறையில் உயர்கல்வி நடத்திவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

சட்டத்தால் பிறந்தது சட்டத்தாலேயே போய்விடும் என்பதற்கு விழுப்புரம் சாட்சி. அங்கே திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையம் ஒன்று இருந்தது. 2021 பிப்ரவரியில் சட்டசபை மசோதா நிறைவேற்றி, வேலூரிலிருந்து பிரித்து, ஜெயலலிதா பெயரில் அங்கே தனிப் பல்கலைக்கழகம் கண்டது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு மசோதா அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிட்டது. தேர்தலுக்கு முன் அவசரமாகப் பெயர்ப் பலகை மாட்டியவர்களையும் நான் மெச்சமாட்டேன்; வந்தவுடன் கழற்றியவர்களையும் மெச்சமாட்டேன். அந்தப் பிரதேசத்துப் பிள்ளைகள் ஆறே மாதத்தில் வேலூரைப் பார்த்து, விழுப்புரத்தைப் பார்த்து, பிறகு சிதம்பரத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. கட்டடமும் ஆசிரியர்களும் மானியமும் முன்கூட்டியே வேரூன்றியிருந்தால் அவ்வளவு சுலபமாக ஒரு கையெழுத்தில் அழித்திருக்க முடியுமா?

அதே 2021 ஆகஸ்டில், கடலுக்கு அப்பால் இன்னொரு காரியம் நடந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் ஆகஸ்ட் முதல் தேதியன்று வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. யுத்தத்தில் அடிபட்ட பூமி. பணக்கார தேசமும் அல்ல. ஆனால் அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்புக்கு மாணவன் போதனைக் கட்டணம் செலுத்துவதில்லை. செலவின் பெரும்பகுதியை அரசாங்கத்தின் கஜானா மானியக் குழு வழியாக ஏற்கிறது. நூறு கல்லூரிகளை இணைத்து வைத்துக்கொண்டு பரீட்சைக் கட்டணம் வசூலிக்கும் தொழிலும் அங்கே இல்லை. அங்கும் குறைகள் இருக்கலாம். ஆனால் கிளையைத் தனியாக்குகிறபோது, செலவை யார் ஏற்பது என்ற கேள்வி அங்கே மாணவன் தலையில் வந்து விழுவதில்லை.

நம்மிடத்தில் மூத்தவர்களின் கதியே இப்போது எப்படி இருக்கிறது? மேட்டூர் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி தலை காட்டும். அதுபோலப் பணம் வற்றியபோது உண்மை வெளியே தெரிந்தது. தொலைதூரக் கல்விக்குக் கட்டுப்பாடுகள் இறுகி அந்த வருமானம் சுருங்கிற்று. 2024இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் ஊழியர்களும் சம்பளத்துக்காகப் போராட நேர்ந்தது. அதே ஆண்டு வருமான வரி இலாகா சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே முடக்கியது. அதற்கு இலாகா சொன்ன வாதத்தைக் கேளுங்கள்: வருமானத்தில் சர்க்கார் மானியம் பாதிக்கும் குறைவு, ஆகவே இதை சர்க்கார் பணத்தில் நடக்கும் கல்வி ஸ்தாபனமாகக் கருத முடியாது! மீன்காரி என்னிடம் கேட்ட கேள்வியையே வரிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சர்க்காரிடமிருந்து வரவேண்டிய பதில் ஒன்றுதான்.

"எல்லாவற்றுக்கும் கஜானாவில் பணம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் மசோதா கொண்டுவராதீர்கள் என்பதுதான் என் பதில். கிளை கிளையாகவே இன்னும் பத்து வருஷம் இருக்கட்டும். அதற்கு நல்ல நூலகம் கொடுங்கள். காலி இடங்களில் நிரந்தர ஆசிரியர்களை நியமியுங்கள். சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தை அங்கேயே கொடுத்து இரவு ரயிலை ஒழியுங்கள். அது தானாக வளர்ந்து கிளை என்ற பெயருக்குள் அடங்காமல் போகும். அன்றைக்குச் சட்டம் செய்தால் அது வளர்ச்சியை ஒப்புக்கொள்ளும் சட்டம். இன்றைக்கு நடப்பது வளர்ச்சி என்று பாசாங்கு செய்யும் சட்டம்.

எங்கள் ஊர் இந்தப் பாடத்தை அனுபவத்தில் கற்றது. 1934இல் அணை கட்டி முடிந்தது. கிராமங்கள் மூழ்கியது எங்கள் பக்கம். தண்ணீர் போனது தஞ்சாவூருக்கு. தஞ்சாவூர் வாழட்டும், அதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. ஆனால் பக்கத்து நிலம் காய்ந்து கிடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் வாய்க்கால் வந்து 45,000 ஏக்கர் நனைந்தது. நீர்ப் பங்கைக் கணக்குப் பார்க்காமல் எந்த இஞ்சினீயரும் வாய்க்கால் வெட்டமாட்டார். தண்ணீர் ஒதுக்காமல் வெட்டினால் அதை ஜனங்கள் வாய்க்கால் என்று சொல்லமாட்டார்கள். பள்ளம் என்றே சொல்வார்கள்.

ஆகையால் இனி எந்தக் கிளையைத் தனியாக்க மசோதா வந்தாலும் நம் சட்டசபை அங்கத்தினர்களிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எத்தனை ஆசிரியர் பதவிகள், அவற்றின் சம்பளம் யாருடையது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறதா? சம்பளம் உயர்ந்தால் மானியமும் கூடவே உயர வழி இருக்கிறதா? பரீட்சைக் கட்டணம் பரீட்சைச் செலவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு இருக்கிறதா? மசோதாவின் பின்னால் நிதிக் குறிப்பு என்று ஒன்று தொங்கும். யாரும் படிக்காத பகுதி அது. முதலில் அதைப் படியுங்கள். யார் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

நான்கு நாள் கழித்து அந்த அம்மாளிடம் போனேன். "சர்க்கார் கொஞ்சம் கொடுக்கிறது, அம்மா. மிச்சத்துக்கு உன் பெண்ணும் கொடுக்கிறாள்" என்றேன்.

அவள் சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டாள். "அப்பிடீங்களா? அப்ப அதுல எங்களுக்கும் பங்கு இருக்குதுன்னு சொல்லுங்க" என்றாள்.

இருக்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.