வகையிடுக என்றால் தெரிகிறது



பொறியியல் முதல் செமஸ்டரில் கணிதத்தில் அரியர் விழுந்ததும் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று முடிவுகட்டிவிடுகிறோம். பிளஸ் டூவுக்கு 30 ஆண்டுகள் கணக்கு நடத்தியவன் நான்; அது உண்மையல்ல.

தமிழ்வழியில் படித்த என் பழைய மாணவன் தீபாவளி விடுமுறையில் நோட்டோடு வீட்டுக்கு வந்தான். 'டிஃபரன்ஷியேட்' என்று தொடங்கிய கணக்கின் கீழே அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. அதையே 'வகையிடுக' என்று எழுதிக் கொடுத்தேன். சங்கிலி விதியைப் போட்டு நாலே வரியில் முடித்துவிட்டான். எல்லை, தொடர்ச்சி, தொகையிடல் எல்லாம் பள்ளியிலேயே படித்தவன்தானே! இரட்டைத் தொகையிடல் அவனுக்குப் புதிது. வரிசையை மாற்றுமுன் பரப்பைப் படமாக வரைந்து பார் என்றேன், அதையும் பிடித்துக்கொண்டான். அவனைத் தடுத்தது கணக்கல்ல, ஆங்கிலச் சொல்தான்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021 முதல் பொறியியலிலும் இருக்கிறது. கதவைத் திறந்தவர்கள் உள்ளே கைபிடித்து நடத்தவும் வேண்டாமா? முதல் இரண்டு வாரம் கல்லூரிகள் வேகத்தைக் குறைக்கட்டும். நுண்கணிதச் சொற்களை இரு மொழியிலும் அச்சிட்டு ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுத்து, வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல வைக்கட்டும். அந்தப் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு மேல் வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்