புத்தாடையும் பிறர் வியர்வையும்



ரமலானின் பிற்பாதி வந்துவிட்டால் நம் இல்லங்களில் புத்தாடைப் பேச்சு தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு, மருமகனுக்கு, சம்பந்தி வீட்டாருக்கு என்று பட்டியல் நீள்கிறது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருவோரின் அட்டைப்பெட்டிகளில் பெயர்பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் சட்டைகள் வந்து இறங்குகின்றன. ‘இது இன்ன கம்பெனி’ என்று தோழர்களிடம் காட்டிக்கொள்வதில் பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பெருமை.

உண்ணும் உணவு ஹலாலானதா என்று பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். உடுக்கும் சட்டையின் கழுத்தில் தைத்திருக்கும் சிறு துணித்துண்டை அதே கவனத்துடன் நாம் படித்ததுண்டா? அதில் நிறுவனத்தின் பெயர் பெரிதாகவும், தைக்கப்பட்ட நாட்டின் பெயர் சிறிதாகவும் இருக்கும். தைத்தவர் பெற்ற கூலி அதில் இராது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கவேண்டும் என்னும் போதனையை மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்போதனை வேலை வாங்கும் முதலாளிக்கு மட்டுந்தானா? அவ்வேலையின் பயனை உடுத்திக்கொள்ளும் நமக்கு அதில் பொறுப்பு ஏதுமில்லையா?

சாவாரில் நிகழ்ந்த கொடுமை

வங்காளதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவாரில், ‘ரானா பிளாசா’ என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. அதில் ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. 2013 ஏப்ரல் 23ஆம் நாள் அதன் சுவர்களிலும் தூண்களிலும் வெடிப்புகள் காணப்பட்டன. பார்வையிட்ட பொறியாளர் கட்டடம் ஆபத்தானது என்று எச்சரித்தார். கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மறுநாள் திறக்கப்படவில்லை. தையல் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே அனுப்பப்பட்டனர். வேலைக்கு வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாகப் பிழைத்தவர்கள் கூறினர். காலை ஒன்பது மணி ஆகுமுன்பே கட்டடம் சரிந்தது. 1,134 பேர் மாண்டனர். ஏறத்தாழ 2,500 பேர் காயங்களுடன் மீட்கப்பட்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

அப்போது அந்நாட்டில் தையல் தொழிலாளிக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்ச மாத ஊதியம் 3,000 டாக்கா. அமெரிக்கப் பணத்தில் அது 40 டாலருக்கும் குறைவு. ஒரு மாதச் சம்பளத்தை இழந்தால் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருந்தவர்களால், வெடித்த சுவரைக் கண்டபின்னும் ‘வரமாட்டேன்’ என்று சொல்ல இயலவில்லை. அயல்நாட்டில் சம்பளம் பிடித்து வைக்கப்பட்டுத் தவித்த மகனையோ கணவனையோ அறிந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அவர்களுக்கு இந்த இயலாமையை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

பொறுப்பு யாருக்கு?

இடிபாடுகளுக்கிடையே ஐரோப்பிய நிறுவனங்களின் பெயர்ப்பட்டிகள் கிடைத்தன. இத்தாலியின் பெனட்டன் நிறுவனம், தனக்கும் அக்கட்டடத்திற்கும் தொடர்பில்லை என்று முதலில் மறுத்தது. அதன் பெயர் பொறித்த ஆடைகளின் படங்கள் வெளியானபின் ஒப்புக்கொண்டது.

இவ்வாறு மறுக்க இயல்வது எப்படி? பெயர்பெற்ற ஆடை நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்தத் தொழிற்சாலைகள் இல்லை. அவை வடிவத்தையும் விலையையும் நாளையும் குறித்து ஆர்டர் கொடுக்கின்றன. மிகக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்ளும் தொழிற்சாலை அதைப் பெறுகிறது. குறித்த நாளில் முடிக்க இயலாதபோது, அது வேறொரு கூடத்திற்குக் கைமாற்றி விடுகிறது. 2012 நவம்பர் 24ஆம் நாள் டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றி 110க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே தன் ஆடைகள் தைக்கப்பட்டது தன் அனுமதியின்றி நடந்த கைமாற்று என்று அமெரிக்காவின் வால்மார்ட் கூறியது. விலையை நெருக்குபவர் ஒருவர், கதவைப் பூட்டுபவர் வேறொருவர் என்றிருப்பதால் பழி எவர் தலையிலும் நிலையாக விழுவதில்லை.

வாங்காமல் விட்டால் போதுமா?

‘இத்தகைய நிறுவனங்களின் பொருளை இனி வாங்கமாட்டேன்’ என்று உங்கள் உள்ளம் துடிக்கலாம். அத்துடிப்பு நல்லதே. ஆயினும் ஒரு பழைய நிகழ்ச்சியை அறிந்துகொள்வது அவசியம்.

குழந்தைகள் உழைத்துச் செய்த பொருள்களை இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் மசோதா ஒன்று 1992இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகவேயில்லை. ஆனால் சந்தையை இழக்க அஞ்சிய வங்காளதேச முதலாளிகள், ஏறத்தாழ 50,000 சிறார்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டனர். அவர்களிற் பலர் பள்ளிக்குச் செல்லவில்லை. கல் உடைக்கவும் தெருவில் பொருள் விற்கவும் போயினர். சிலர் விபசாரத்தில் தள்ளப்பட்டனர் என்று யூனிசெஃப் நிறுவனம் 1997இல் எழுதியது. 1995 ஜூலையில் முதலாளிகள் சங்கமும் யூனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஓர் ஒப்பந்தம் செய்தன. சிறார்களுக்குப் பள்ளியும் உதவித்தொகையும் வழங்கிய பின்னரே ஓரளவு பரிகாரம் பிறந்தது.

எனவே, ‘வங்காளதேசத்தில் தைத்தது’ என்ற எழுத்தைக் கண்டதும் சட்டையை ஒதுக்கிவிட்டால், தண்டனை அந்தத் தையற்பெண்ணுக்கே போய்ச் சேரும். ஒதுக்கவேண்டியது அவளது உழைப்பையன்று. அவ்வுழைப்புக்குப் பதில் சொல்ல மறுக்கும் நிறுவனத்தையே.

அவ்வாறு பதில் சொல்ல வைக்கவும் முடிந்திருக்கிறது. ரானா பிளாசா சரிந்த மூன்று வாரங்களுக்குள், தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. மீறினால் வழக்குத் தொடுக்கத்தக்க அவ்வொப்பந்தத்தில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. ஏறத்தாழ 1,600 தொழிற்சாலைகள் அதன் ஆய்வுக்கு உட்பட்டன. வால்மார்ட், கேப் முதலியவை அதில் சேராமல் தமக்கென வேறோர் அமைப்பைத் தொடங்கின. நட்டஈட்டு நிதிக்குப் பணம் தரத் தயங்கிய பெனட்டன், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டபின் 2015 ஏப்ரலில் 11 லட்சம் டாலர் வழங்கியது. வாங்குவோர் ஒன்றுசேர்ந்து கேட்டபோது நிறுவனம் இறங்கிவந்தது என்பதற்கு இதுவே சான்று.

இது தொலைவிலுள்ள நாடுகளின் கதை மட்டுமன்று. நம் கொங்கு மண்டலத்து நூற்பாலைகள் சிலவற்றில், ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரால் ஏழைச் சிறுமியரை மூன்றாண்டுகள் விடுதியில் அடைத்து வேலை வாங்கிய கொடுமையை நாம் அறிவோம். ஒப்பந்தக் காலம் முடிந்தால் திருமணத்துக்கு ஒரு தொகை. இடையில் நோயுற்று வெளியேறினாலோ அத்தொகை கைக்குக் கிடைப்பதில்லை. திண்டுக்கல்லில் 2021 ஜனவரியில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையின் இளம் பெண் தொழிலாளி ஒருவர் கொலையுண்டார். அதன்பின் பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் தொடர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் அந்த ஏற்றுமதியாளரும் எச் அண்ட் எம் நிறுவனமும், பணியிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சாவாரில் உதவிய அதே வழி இங்கும் உதவியது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, ஒரு நிறுவனத்தின் பொருளை வழக்கமாக வாங்குபவராயின், தன் ஆடைகள் தைக்கப்படும் தொழிற்சாலைகளின் பட்டியலை அது வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடும் கண்டனங்களுக்குப் பின் நைக்கி நிறுவனம் 2005இல் தன் பட்டியலை வெளியிட்டது; இன்று பல நிறுவனங்கள் இணையதளத்தில் தருகின்றன. கைபேசியை இடைவிடாது தடவும் பிள்ளைகளிடமே இந்த வேலையை ஒப்படையுங்கள். பட்டியலை மறைப்பதும், தொழிலாளருடன் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்ய மறுப்பதும், விபத்துக்குப்பின் நட்டஈடு தரத் தயங்குவதும் தவிர்க்கத்தக்க நிறுவனத்தின் அடையாளங்கள். தவிர்ப்பதோடு, ஏன் தவிர்க்கிறீர்கள் என்பதை இரண்டு வரியில் அந்நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். காரணம் தெரியாத புறக்கணிப்பால் தொழிலாளிக்குப் பயனில்லை.

இரண்டாவது, சான்றிதழை மட்டும் நம்பிவிடாதீர்கள். கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் தொழிற்சாலை 2012 ஆகஸ்டில் சர்வதேசத் தரச் சான்றிதழ் பெற்றது. அடுத்த மாதம் 11ஆம் நாள் அங்கே தீப்பற்றி 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் கம்பியிட்ட சன்னல்களும் திறக்க முடியாத வழிகளுமே அத்தனை பேரைத் தப்பவிடாமல் செய்தன.

மூன்றாவது, பெயரற்ற மலிவுச் சரக்கோ போலிப் பெயர் ஒட்டிய சரக்கோ தூயது என்று எண்ணவேண்டாம். அதைத் தைத்தவரைப் பற்றி விசாரிக்கவும் வழியில்லை. மூன்று மலிவுச் சட்டைகளுக்குப் பதில், நீண்டநாள் உழைக்கும் ஒன்றை வாங்குவது பணத்துக்கும் நல்லது. அவசர ஆர்டர்களின் நெருக்கடியையும் சிறிது குறைக்கும்.

இறுதியாக, நம் தெருவிலேயே உள்ள தையற்காரரை நினைவில் கொள்ளுங்கள். பெரிய கடையில் குறித்த விலையை முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டு, அவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். பிறை பார்க்கும் இரவு வரை கண்விழித்துத் தைத்தவரிடம், ‘பெருநாள் கழியட்டும், தருகிறேன்’ என்கிறோம். அவருடைய பிள்ளைகளுக்கும் அதே நாளில்தான் பெருநாள். துணியைக் கொடுக்கும்போதே கூலியைப் பேசி, ஆடையை வாங்கும்போதே அதை முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். சாவாரில் தைத்தவளுக்காக எழுதும் கடிதத்தையும் இந்த ஆண்டு இத்துடன் தொடங்குங்கள்.

சிந்திப்போம், செயற்படுவோம்.