பதிப்பெண் சொல்லாமல் விடுவது

மும்பை மான்குர்த்திலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், கட்டற்ற மென்பொருளைக் கல்விக்குள் கொண்டுவர நெடுங்காலம் உழைத்த நிறுவனங்களுள் ஒன்று. அதே வட்டாரத்துப் பள்ளியொன்று தன் பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவ முனைந்தால், முதல் தடுமாற்றம் பதிப்பெண்ணிலேயே நேரும்.

உபுண்டு 22.04, 23.10 ஆகிய இரண்டில் பெரிய எண்ணே மேலானது என்று கருதுவது இயல்பு. ஆனால் அவை தசம எண்கள் அல்ல. ஆண்டையும் மாதத்தையும் சுட்டும் குறிகள். 2022 ஏப்ரலில் வெளிவந்த முன்னதற்கு ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. 2023 அக்டோபரில் வெளிவந்த பின்னதோ ஒன்பதே மாதங்களில், 2024 ஜூலையில், ஆதரவை இழந்தது. இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் வெளியீடுகளே நெடுங்கால ஆதரவு பெறுபவை என்னும் மரபை முன்பே அறிந்தவருக்கு மட்டுமே இது விளங்கும்.

பெயர்களும் கைகொடுப்பதில்லை. டெபியன் தன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ திரைப்படப் பாத்திரங்களின் பெயர்களைச் சூட்டுகிறது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், ‘அனோகா’, ‘உன்னதி’, ‘உர்ஜா’ என்று பெயரிட்டது. எது முந்தியது, எது பிந்தியது என்பதை இப்பெயர்களிலிருந்து உய்த்துணர இயலாது.

பெயர் உருவாக்குவோரின் அடையாளம். அதில் விளையாட்டு இருப்பது குற்றமன்று. எண் பயன்படுத்துவோரின் வழிகாட்டி. அது பிறந்த நாளை மட்டும் சொல்லி நிற்பதே குறை. மருந்து அட்டையில் தயாரித்த நாளுடன் காலாவதி நாளும் அச்சாகிறது. பதிவிறக்கப் பக்கத்தில் பதிப்பெண்ணுக்கு அருகிலேயே, அதே எழுத்தளவில், ஆதரவு முடியும் மாதமும் இடம்பெற வேண்டும். மரபறியாத ஆசிரியருக்கும் திறந்திருப்பதே கட்டற்ற மென்பொருளுக்கு அழகு.